திறக்காத புத்தகத்துக்கு இந்த மலையில் ஆயுள் குறைவு

நீலகிரி மாவட்டப் பொது நூலகங்களின் நூலகர்களுக்கு,

வணக்கம். ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேலையில் மாறுதலுக்கு மேல் மாறுதலாகி இந்த மலையின் பல ஊர்களில் இருந்தவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்கு அடுப்பு வாங்குவதற்கு முன்னாலேயே நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுவேன். அந்தப் பழக்கம் தரும் உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரும் எடுக்காமல் கிடக்கிற புத்தகங்களில் பத்தை மட்டும் எடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் வையுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஏன் இதை அவசரமாகக் கேட்கிறேன் என்றால், நாம் இருப்பது மலையில். மதுரையிலோ திருச்சியிலோ படிக்காத புத்தகம் தூசி படிந்து இருபது வருடம்கூடக் காத்திருக்கும். இங்கே காத்திருக்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் பிடிக்கிற மழை, குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் இறங்குகிற மழை, இடையில் சுவரெல்லாம் ஊறவைக்கிற பனிமூட்டம். கை படுகிற புத்தகத்துக்குக் காற்றாவது கிடைக்கிறது. கை படாதது தாளோடு தாள் ஒட்டி, பூஞ்சை பிடித்துப் போய்விடுகிறது.

அப்படிப் போன ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஊர் என்பது வேண்டாம். நல்ல மழை நாள். பேருந்து வரவில்லை என்று நூலகத்தில் ஒதுங்கினேன். கீழ்த்தட்டில் குனிந்து ஒரு புத்தகத்தை இழுத்தேன். அட்டை பக்கத்துப் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித்தாளில் இரண்டே முத்திரைகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களைப் பற்றிய நாவல், 1964இல் வந்தது. அதே 1964இல்தான், அந்தத் தோட்டத்துச் சனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதற்கான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தமும் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். இங்கே வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவர்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். நான்காம் நாள் அம்மா, “இதையெல்லாம் கூட யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு, அதுவரை என்னிடம் சொல்லாத எத்தனையோ விஷயங்களை அவரே சொல்ல ஆரம்பித்தார். சில வருடம் கழித்து அந்த ஊருக்கு மறுபடி போனபோது அந்தப் புத்தகம் இல்லை. நனைந்துபோன கட்டோடு எடைக்குப் போய்விட்டது. சுற்றிலும் தாயகம் திரும்பியவர்களின் குடியிருப்புகள் உள்ள ஊர் அது. இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லாரும் படிக்கிற புத்தகங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படம் 2022இல் வந்தபோது, முதல் பாகம் எப்போது திரும்பி வரும் என்று என் பழைய மாணவர்கள் நூலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரமணிசந்திரன் நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிற பெண்களோடு தோட்டத்து வண்டியில் பயணம் செய்திருக்கிறேன். வாசிப்பு அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. ஆனால் உள்ளே வந்தவர்களுக்கு அடுத்த அறையைக் காட்ட ஆள் வேண்டும். அதற்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

குடும்பக் கதை, காதல் கதை படிப்பவரிடம் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ கொடுத்துப் பாருங்கள். சின்ன நாவல், காதல் கதைதான், ஆனால் பனையேறிகளின் உலகம் அதற்குள் இருக்கிறது. துப்பறியும் கதை பிடித்தவருக்குப் பூமணியின் ‘வெக்கை’. ஒரு சிறுவன் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிற கதை. எடுத்தால் வைக்க முடியாது. 1982இல் வந்த அந்த நாவலை, 2019இல் ‘அசுரன்’ படம் வந்த பிறகுதான் பல பேர் தேடினார்கள். எல்லாப் புத்தகத்துக்கும் படம் வராது. தன்னம்பிக்கை நூல்களை அள்ளிக்கொண்டு போகிற இளைஞர்களுக்கு ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைத்து, எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்தவர் அவர். படம் 1940இல் வந்தது. அந்த அலைச்சலைப் படிப்பதைவிடத் தன்னம்பிக்கைக்கு வேறென்ன வேண்டும்?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை மட்டும் ஆள் பார்த்துக் கொடுங்கள். கல்கியை முடித்த கையோடு ஒரு பையனிடம் அதைக் கொடுத்துவிட்டேன். முப்பது பக்கத்தில் திருப்பித் தந்தான். என் அவசரம் அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கடலும் கீழைநாட்டு ஊர்களும் அப்படி விரிகிற நாவல் தமிழில் வேறு இல்லை என்றே சொல்வேன். ஆனால் அதன் நடைக்குள் போகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நம் மலையைப் பற்றியே எழுதியவையும் உண்டே. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’, படகர் வாழ்க்கையைத் தலைமுறைகளாகச் சொல்கிற நாவல். காட்டெருமை தெருவில் நடக்கிற ஊர்களில் தியடோர் பாஸ்கரனின் காட்டுயிர்க் கட்டுரைகளும், மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலும் வாசலிலேயே இருக்க வேண்டாமா? பொது அறிவு வழிகாட்டிகளுக்குப் பின்னால் அவற்றைப் பலமுறை கண்டெடுத்திருக்கிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக வகுத்த ஐந்து விதிகள் உங்களுக்குப் பாடம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. இரண்டாவதை நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள். கேட்டால் தேடித் தருகிறீர்கள், வேறு கிளையிலிருந்து வரவழைத்தும் தந்திருக்கிறீர்கள். நான் கேட்பது மூன்றாவதை. புத்தகத்துக்கு வாய் கிடையாது, அது யாரையும் கேட்க முடியாது.

எந்தப் பத்து என்று கண்டுபிடிக்கத் தனியாகக் கணக்கு எதுவும் வேண்டாம். அந்தத் தேதித்தாளே சொல்லிவிடும். மூன்று வருடமாக முத்திரை விழாததைப் பாருங்கள், உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தால், படித்தவர்கள் தங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார்கள்; அடுத்தவரை எடுக்க வைக்க அது போதும். அப்புறம், பழையதைக் கழிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் எங்கள் கண்ணில் படும்படி வையுங்கள். நீங்கள் ஒருவராகவே நூலகத்தைத் திறந்து, கூட்டி, பதிவேடு எழுதுகிற ஊர்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அதனால் வேலையை உங்கள் தலையில் மட்டும் கட்டவில்லை.

தை, மாசியில் வெயில் நன்றாக அடிக்கும். காலைப் பனி விலகியதும் கீழ்த்தட்டுப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்து நிழலோரம் காற்றாட விரித்து வைக்கலாம். கோத்தகிரிப் பக்கம் எந்த நூலகம் சரி என்று சொன்னாலும், என் பழைய மாணவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். துடைக்கத் துணியும் ஒட்டப் பசையும் நாங்களே கொண்டுவந்துவிடுவோம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி