தகவல் தந்த பண்ணையாளருக்கு இழப்பீடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பறவைக் காய்ச்சல் பற்றிய செய்திகளில் எத்தனை கோழிகள் அழிக்கப்பட்டன, முட்டை விலை எவ்வளவு ஏறியது என்பவை தவறாமல் வருகின்றன. அந்தக் கோழிகளை வளர்த்தவருக்கு அரசு என்ன கொடுத்தது என்பது மட்டும் ஏனோ வருவதில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்துகொண்டு தங்கள் நாளிதழை இணையத்தில் நாள்தோறும் படித்து வரும் நான், இங்கே எங்கள் குடும்பத்தில் நடந்ததைக் கொண்டு அந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இந்நாட்டுப் பண்ணைகளை 2017இல் எச்5என்8 வகை வைரஸும், 2021இல் எச்5என்1 வகையும் தாக்கின. 2023ஆம் ஆண்டின் நடுவில் கௌடெங், ம்புமலாங்கா மாகாணங்களில் பரவிய எச்7என்6 வகை அவற்றையெல்லாம் விஞ்சியது. அவ்வாண்டு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் போயின. கடைகளில் ஆளுக்கு இத்தனை அட்டை முட்டைதான் என்று அளந்து கொடுத்தார்கள். புரட்டாசி விரதத்தில் முட்டையைத் தொடாத, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வாழும் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தட்டுப்பாடு உடனே தெரியவில்லை. விரதம் முடிந்து தீபாவளிக்குக் கேக் செய்ய முட்டை தேடியபோதுதான் தெரிந்தது.

என் அக்காள் மகனுக்கு அது வெகு முன்னரே தெரிந்திருந்தது. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே அவன் 12,000 முட்டைக்கோழிகளை வைத்துப் பிழைத்து வந்தான். ஒருநாள் காலை ஒரு கொட்டகையில் தீவனம் அப்படியே கிடந்தது. மறுநாள் முட்டை பாதியாகக் குறைந்தது. அவன் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அரசுக் கால்நடை மருத்துவரை அழைத்தான். மாதிரி எடுத்துச் சென்றார்கள். பண்ணைக்குள் எதுவும் வரக்கூடாது, பண்ணையிலிருந்து எதுவும் போகக்கூடாது என்று தடை விதித்தார்கள். முடிவு வருவதற்குள் ஒரு கொட்டகை முழுவதும் செத்தது. நோய் உறுதியான பிறகு, மிஞ்சிய கோழிகள் துடித்துச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனமின்றியும், பக்கத்துப் பண்ணைகளுக்குப் பரவிவிடக் கூடாது என்ற அச்சத்தாலும், அவனே கூலி கொடுத்து அவற்றைக் கொன்று, வாடகைக்கு எந்திரம் பிடித்துக் குழி தோண்டிப் புதைத்தான். பின்னர் இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தபோது அலுவலகத்தில் கிடைத்த விடை: "அழிக்கும்படி அரசு எழுத்துமூலம் உத்தரவிடவில்லை, நீங்களாகவே அழித்தீர்கள்." செத்த கோழிக்கோ விலையே இல்லையாம்.

விலங்கு நோய்கள் குறித்த 1984ஆம் ஆண்டின் 35ஆவது சட்டம் இந்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நோய்க் கட்டுப்பாட்டுக்காக அச்சட்டத்தின்படி அழிக்கப்படும் விலங்குகளின் உரிமையாளர் இழப்பீடு கோரலாம் என்று அதன் 19ஆவது பிரிவு சொல்கிறது. உத்தரவு இருந்தால் பணம், உத்தரவு இல்லையேல் பணம் இல்லை என்று அதற்குப் பொருள் கொண்டால், உத்தரவு பிறப்பிக்காமல் இருப்பதே அரசுக்குச் செலவில்லாத வழியாகிவிடுகிறது. தடையை மட்டும் விதித்துவிட்டு, விற்கவும் முடியாமல் வளர்க்கவும் முடியாமல் நிற்பவனிடம் "நீயாகவே அழித்தாய்" என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? 2023இல் இழப்பீடு கிடைக்கவில்லை என்று தென்னாப்பிரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கமே வெளிப்படையாக முறையிட்டது. பெரிய நிறுவனங்கள் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டன. 12,000 கோழிக்காரன் எப்படித் தாங்குவான்?

இரக்கத்தின் பெயரால் மட்டும் நான் இதை எழுதவில்லை. பறவைக் காய்ச்சலை அடக்குவதில் முதல் இரண்டு நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டு நாட்களில் நோயைப் பார்க்கக்கூடியவர் பண்ணையாளர் ஒருவரே. தகவல் சொன்னால் தடையும் நட்டமும்தான் மிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், முட்டை குறைந்த மறுநாளே மிச்சமுள்ள கோழிகளை உயிரோடு விற்றுவிடும் எண்ணம் வராதா? இங்கே முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைப் பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாக உயிரோடு விற்பது பெரிய வியாபாரம். எங்கள் வீடுகளில் நாட்டுக்கோழிக் குழம்பு போல நெடுநேரம் கொதிக்கவைத்துச் சமைப்பது அந்தக் கோழியைத்தான். கறுப்பின மக்களும் அதையே விரும்பி வாங்குகிறார்கள். அந்தக் கூண்டுகளோடு வைரஸும் ஊர் ஊராகப் போகும். என் அக்காள் மகன் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் அவன் கையில் கொஞ்சம் பணமாவது மிஞ்சியிருக்கும் என்பதை எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கேரளத்தின் குட்டநாட்டில் 2021 ஜனவரியில் வாத்துகள் அழிக்கப்பட்டபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்த வயதுடையதற்கு 100 ரூபாயும் மாநில அரசு அறிவித்தது. அது போதுமான தொகையா என்று கேட்கலாம்; ஆனால் தொகை இவ்வளவு என்பது விவசாயிக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் அழிக்கப்படும் கோழிகளுக்கு அரசு ஈடு தருகிறது. 2024 டிசம்பர் முதல், நோய் கண்ட பெரும் பண்ணைகள் மறுபடி கோழி வளர்க்கத் தொடங்குவதற்கு முன் நோய்த்தடுப்பு ஏற்பாடுகளைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் அடுத்த முறை ஈடு இல்லை என்றும் விதித்திருக்கிறது. அந்த நிபந்தனை சரியானதே. கொட்டகை வாசலில் காலணி மாற்றாதவருக்கும் காட்டுப் பறவைகள் புகாதபடி வலை கட்டாதவருக்கும் பொதுப்பணத்தை அள்ளிக் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை.

அரசிடம் பணம் இல்லை என்பார்கள். நெதர்லாந்தில் இத்தகைய நோய்ச் செலவுகளுக்கென்றே விலங்குச் சுகாதார நிதி ஒன்று இருக்கிறது. பண்ணையாளர்களிடம் வாங்கும் தீர்வையும் அதில் சேர்கிறது. இங்கேயும் முட்டைக்கும் கறிக்கோழிக்கும் சிறு தீர்வை விதித்து, அரசும் தன் பங்கைச் செலுத்தினால் அத்தகைய நிதியை உருவாக்க முடியும். தடுப்பூசி வந்துவிட்டதே, இனி இழப்பீடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2025ஆம் ஆண்டின் நடுவில் முதல் அனுமதி கிடைத்தது ஒரு பெரிய நிறுவனத்தின் 2,00,000 தாய்க்கோழிகளுக்குத்தான். அதற்கு விதிக்கப்பட்ட கண்காணிப்புச் செலவைச் சிறிய முட்டைப் பண்ணைகள் நெருங்கவே முடியாது.

வேளாண் அமைச்சகம் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இதுதான். தகவல் தந்த நாளில் உயிரோடிருந்த ஒவ்வொரு கோழிக்கும், உத்தரவுத் தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே அறிவித்த விலைப்பட்டியலின்படி 30 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். புதிதாக வாங்கும் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தொடங்கவே ஏறத்தாழ 18 வாரம் ஆகிறது. அதுவரை தீவனக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் இந்தக் காலக்கெடு முக்கியம். 2023இல் தள்ளுபடியான விண்ணப்பங்களையும், சிறு பண்ணைகளுடையவற்றை முதலில் எடுத்து, மறுபடி பரிசீலிக்க வேண்டும். என் அக்காள் மகனின் மூன்று கொட்டகைகளில் இரண்டு இன்னும் காலியாகவே கிடக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
லெனேசியா, தென்னாப்பிரிக்கா