தம்பி, அந்தத் திருத்தம் யாருக்காக?

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவின் கடைசி நாட்களைப் பற்றி அத்தை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியதை நீயும் படித்தாய். எதிரே சுவற்றில் மாட்டியிருந்த கடிகாரத்தையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார் என்று அதில் ஒரு வரி வரும். அத்தனை நீளமான செய்திக்கு நீ எழுதிய பதில் ஒரே வரி: "சுவற்றில் தவறு, சுவரில் என்பதே சரி." அத்தை "சரி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அங்கே எதுவும் எழுதவில்லை. எனக்கு மனம் ஆறவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நீ சொன்ன இலக்கணத்தில் குறை இல்லை. சுவர் என்பது ரகர மெய்யில் முடியும் சொல். சுவரை, சுவருக்கு, சுவரில் என்றுதான் வரும். ஆனால் அத்தை ஏன் "சுவற்றில்" என்று எழுதினார் என்று யோசித்தாயா? கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். ஆறு, ஆற்றில். இப்படி 'று' என்று முடியும் சொற்களோடு வேற்றுமை உருபு சேரும்போது றகரம் இரட்டிக்கிறது. இந்த விதியை யாரும் அத்தைக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. கேட்டுக் கேட்டு அவராகவே பிடித்துக்கொண்டார். சுவரைப் பேச்சில் 'சுவரு' என்கிறோம். ரு, று இரண்டும் நம்மில் பெரும்பாலோர் வாயில் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. ஆகவே கிணற்றுக்கு உரிய விதியைச் சுவருக்கும் நீட்டிவிட்டார். விதி தெரிந்திருந்ததால் வந்த பிழை இது. நீ அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டாய்.

நாம் சிரிக்கிற பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். ல, ள, ழ மூன்றையும் நாவில் பிரித்துச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவருக்கு எழுதும்போது காது உதவி செய்கிறது. மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்ட பேச்சில் வளர்ந்தவர் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்தாக வேண்டும். ன, ண, ந குழப்பமும் அதே கதை. டகரத்துக்கு முன்னால் வருவது ண, தகரத்துக்கு முன்னால் வருவது ந, றகரத்துக்கு முன்னால் வருவது ன: வண்டி, பந்து, கன்று. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்களிலேயே இந்த உதவி இருக்கிறது. பள்ளியில் பலருக்கு இதைச் சொல்லித் தந்ததே இல்லை. இரண்டு சுழி, மூன்று சுழி என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. இப்போது கைப்பேசி வேறு சேர்ந்துகொண்டது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்குகிறவர், அது காட்டும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண் மங்கியவர்களுக்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கும் முதலில் நிற்கும் சொல்லே விழுகிறது.

என் தொழில் உனக்குத் தெரியும். மெய்ப்புப் பார்ப்பதில்தான் என் பகல்கள் கழிகின்றன. பிழையைக் கண்டால் எனக்கும் கை துறுதுறுக்கும். 'பதட்டம்' என்று பார்த்தால் 'பதற்றம்' என்றும், 'கோர்த்து' என்று பார்த்தால் 'கோத்து' என்றும் மாற்றாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன். ஆனால் அந்தத் திருத்தம் நூல் அச்சாவதற்கு முன்னால் நடக்கிறது. தாளின் ஓரத்தில் நான் இடும் குறி எழுத்தாளருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போட்டு அவரையே கேட்பேன், ஏனென்றால் பிரதி அவருடையது. நூல் வெளிவந்த பிறகு எங்கே பிழை இருந்தது என்று வாசகருக்குத் தெரிந்தால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். உன் திருத்தத்தை இதனோடு வைத்துப் பார். அத்தையின் செய்தியில் "சுவற்றில்" அப்படியேதான் இருக்கிறது. அத்தைக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும் என்ற செய்தி மட்டும் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் தலைப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

மொழி கெட்டுப் போகிறதே என்று நீ கவலைப்படுவதும் எனக்குத் தெரியும். அந்தக் கவலையில் பொய் இல்லை. அதற்காகவே நீ மதிக்கும் நன்னூலைச் சற்றுத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் என்று அந்தப் பட்டியல் போகிறது. பிழையான சொல்லை ஆள்வது, அதாவது வழூஉச்சொல் புணர்த்தல், அந்தப் பத்தில் ஒன்று. மற்றவை பெரும்பாலும் சொல்ல வந்ததைச் சொன்ன முறை பற்றியவை. அத்தையின் செய்தியில் குன்றக் கூறலும் இல்லை, மிகைபடக் கூறலும் இல்லை; வேண்டியது குறையவில்லை, வேண்டாதது சேரவில்லை. கடிகாரம் என்று ஒரு பொருளைச் சொல்லி மாமாவின் நிலைமை முழுவதையும் நம் கண்முன் வைத்துவிட்டார். இலக்கணம் தெரிந்த நீ கவனித்திருக்க வேண்டியது அதுதான்.

அதே நூலில் வழுவமைதியும் இருக்கிறது, அதாவது தக்க காரணம் இருந்தால் வழுவையும், பிழையையும், ஏற்றுக்கொள்வது. ஒருவர் மகிழ்ச்சியில் தன் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்கிறார். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு. ஆனால் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தால் அதையும் இயல்பாகக் கொள்ளலாம் என்கிறது நன்னூல். இந்த விதி எழுத்துப்பிழைக்காகச் சொன்னது இல்லை. அதை வைத்துச் "சுவற்றில்" சரி என்று வாதாட மாட்டேன். பேசுகிறவர் எந்த மனநிலையில் பேசுகிறார் என்று பார்த்த பிறகே குற்றம் சொல்ல வேண்டும் என்ற நிதானம் நம் இலக்கணக்காரர்களிடம் இருந்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். 'கா'வில் வரும் கால் குறியும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். போதாததற்கு ஏடு எழுதியவர்களின் கைப்பிழைகள் வேறு. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தது அத்தகைய ஏடுகளிலிருந்துதான். ஊர் ஊராகத் தேடிப் பல பிரதிகளைச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, பிரதிக்குப் பிரதி சொற்கள் மாறும் பாடவேறுபாடுகளையும் குறித்து வைத்தார். ஓலை நெடுங்காலம் தாங்காது. செல் அரிக்கும், பொடிந்து போகும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உட்கார்ந்து படியெடுத்தாக வேண்டும். அப்படிப் படியெடுத்தவர்களில் பாட்டின் பொருள் முழுவதும் விளங்காதவர்களும் இருந்திருப்பார்கள். பிழையாகிவிடுமே என்று அவர்கள் எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தால் உ.வே.சா. ஒப்பிட்டுப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்? பிழையோடு எழுதியவர்கள் வழியாகத்தான் அந்த நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. அத்தை எழுதுவதை நிறுத்திவிட்டால் மாமாவைப் பற்றி அவருக்கு மட்டும் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும்.

பிழையே பொருட்டில்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. "வேலை கொடுத்தான்" என்றால் உத்தியோகம் கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேல் என்ற ஆயுதத்தைக் கொடுத்தான். ஓர் ஒற்று பொருளையே மாற்றிவிடும், அங்கே திருத்தத்தான் வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் எழுதி "கொஞ்சம் பார்த்துத் தா" என்று ஒருவர் உன்னிடம் நீட்டினால் ஒரு புள்ளியைக்கூட விடாதே; அங்கே தாட்சண்யம் பார்ப்பதுதான் துரோகம். கேட்காதவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் முதலில் அவர் சொன்னதற்குப் பதில் சொல். பிறகு ஒருநாள் தனியாக, ஒன்றே ஒன்றை, காரணத்தோடு சொல். கிணறு, சுவர் வேறுபாட்டைக் காரணத்தோடு கேட்டிருந்தால் அத்தை ரசித்திருப்பார். அவருக்குச் சொற்களின் மேல் ஆசை உண்டு, நீ கவனித்ததில்லை. துக்கத்தில் எழுதியதை மட்டும் திருத்தாதே, எப்போதும்.

உன் கண்ணுக்கு வேலை இல்லாமல் போகாது. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களின் தமிழைப் பார். பாடநூலில் உள்ள பிழையைக் குழந்தைகள் சரி என்றே நம்பிப் படிக்கிறார்கள். தேர்வு வினாத்தாளில் ஒரு சொல் பிசகினால் தேர்வு எழுதுகிறவருக்கு மதிப்பெண் போகிறது. மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்ற குறிப்பு குழப்பமாக இருந்தால் உடம்பே கெடும். அங்கெல்லாம் அச்சுக்கு முன் பார்க்க ஆள் வைக்க முடியும், வைக்க வேண்டிய கடமையும் உண்டு. பிழையான வரியையும் சரியான வடிவத்தையும் பக்க எண்ணோடு குறித்துப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எழுது. பதில் வராவிட்டால் மறுபடியும் எழுது. உன் மகளின் பாடநூலிலிருந்தே தொடங்கலாம். வரைவை எனக்கு அனுப்பு, மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா