இரண்டாவது விமானம் பற்றி, நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கிடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய ட்ரெய்னரை, அதுதான் ரிமோட்டில் ஓட்டிப் பழகும் அந்த மாதிரி விமானத்தை, மேலே ஏற்றிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று வருடமாக ஊகத்திலேயே ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ட்ரெய்னரை முப்பது தடவைக்கு மேல் சேதமில்லாமல் இறக்கிவிட்டாய், அடுத்து இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மாதிரியை வாங்கலாமா என்கிறாய். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீ ஓயாமல் வரைந்த அந்த முட்டை வடிவ இறக்கை எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம். நடுவில் இன்னொரு விமானம் இருக்கட்டும்.

ஏன் என்று கேட்பாய். ட்ரெய்னர் உனக்குத் தெரியாமலே உனக்காகப் பாதி வேலை பார்க்கிறது. அதன் இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறது, இரண்டு நுனியும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கத் தொடங்கினால், தாழ்ந்த இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் படுகிறது. அந்தப் பக்கம் தூக்குவிசை கூடி விமானம் நிமிர்ந்துவிடுகிறது. நீ ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டுவிட்டால் போதும், அது நேராகிவிடும். குழப்பம் வந்தால் ஸ்டிக்கை விடு என்று நானே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த விமானத்தில் அந்த வழக்கத்தை விட்டாக வேண்டும்.

கீழ் இறக்கை வைத்த ஸ்போர்ட் விமானத்தை 30 டிகிரி சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் அது அப்படியே 30 டிகிரியில்தான் போய்க்கொண்டிருக்கும். திருப்பத்துக்கு ஐலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல், கொடுக்க வேண்டும், சாய்ந்ததும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைக் கொஞ்சம் பிடிக்க வேண்டும், திருப்பம் முடியும்போது எதிர்ப்பக்கம் ஐலரான் கொடுத்து நீயே நிமிர்த்த வேண்டும். முதல் நாள் கை நடுங்கும். நாலைந்து பேட்டரி தீர்வதற்குள் பிடித்துப்போகும். ஏனென்றால் வைத்த இடத்தில் நிற்கும் விமானத்தைத்தான் நாம் உண்மையில் ஓட்டுகிறோம். காற்று வீசும் நாளில் ட்ரெய்னர் ஒவ்வொரு வீச்சுக்கும் அலைவதைப் பார்த்திருப்பாய், இது அந்த அளவுக்கு அலையாது.

இதைக் கற்பதற்கு ஸ்பிட்ஃபயரும் கீழ் இறக்கைதானே என்று நீ கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் ட்ரெய்னர் 1100 கிராம், இறக்கைப் பரப்பு 26 சதுர டெசிமீட்டர். அதாவது ஒரு சதுர டெசிமீட்டர் சுமப்பது சுமார் 42 கிராம். அதற்கடுத்து ஆசையாக வாங்கிய போர் விமானம் 1600 கிராம், பரப்பு 23. கிட்டத்தட்ட 70 கிராம். ஸ்டால் ஆகும் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழுமோ அந்த வேகம், இந்தச் சுமையின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். ஆக, ட்ரெய்னர் விழாமல் நிற்கும் வேகத்தைவிட இது ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்தால்தான் நிற்கும். திருப்பத்தில் இன்னும் மோசம். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கை சுமக்கும் பாரம் இரண்டு மடங்காகிறது, ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடுகிறது.

அந்தக் கணக்கை நான் போட்டது விழுந்த பிறகு. இறங்குவதற்காகக் கடைசித் திருப்பம். ட்ரெய்னர் வரும் வேகத்துக்கே த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தை, குறைத்திருந்தேன். மூக்கு தாழ்வதுபோல் தோன்றியது, எலிவேட்டரை இழுத்தேன். நுனிப் பக்கம் குறுகிய இறக்கை அது, ஸ்டால் நுனியிலேயே தொடங்கிவிட்டது. இடது இறக்கை சட்டென்று கீழே போனது. பழைய பழக்கத்தில் ஐலரானால் நிமிர்த்தப் பார்த்தேன், அது இன்னும் சுழன்றது. உயரம் பத்து மீட்டர்கூட இல்லை. மூக்கிலிருந்து இறக்கை வரை நொறுங்கிப்போனது. உடைந்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ராத்திரி உனக்கு வர வேண்டாம். முட்டை வடிவ இறக்கையும் நுனியில் ஒடுங்குகிறது, ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் வேறு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன. பத்திரமாகத் தரை தொட்ட பிறகும் அது சாய்ந்து இறக்கையைத் தேய்க்கும்.

அப்புறம், யாராவது பைப்பர் கப் சாதுவான விமானம், அடுத்து அதை வாங்கு என்பார்கள். மேல் இறக்கை, மெதுவான பறப்பு, பார்க்க அழகு, எல்லாம் சரி. ஆனால் ஐலரான் மட்டும் கொடுத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் போகும், கூடவே ரடர், அதாவது மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் மடல், கொடுத்தாக வேண்டும். வால் சக்கரத்தில் ஓடுவதால் தரையிலும் ரடரிலிருந்து விரலை எடுக்க முடியாது. நல்ல ஆசிரியர்தான், உனக்கு மூன்றாவதாக இருக்கலாம்.

இப்போது நீ தேட வேண்டியது எது? இறக்கையைப் பார். அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலமாக இருக்கட்டும், அந்த மாதிரி இறக்கை பெரும்பாலும் உடலை ஒட்டிய பகுதியில் முதலில் ஸ்டால் ஆகும், நமக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும். குறுக்குவெட்டில் அடிப்பக்கமும் கொஞ்சம் வளைந்திருக்கட்டும். நுனிக்கு நுனி 1.2 முதல் 1.4 மீட்டர் நீளம், சதுர டெசிமீட்டருக்கு 50 கிராம் ஒட்டிய சுமை, சக்கரங்கள் அகலமாக. ஃபில் கிராஃப்ட் 1960-களில் வரைந்த அக்லி ஸ்டிக் இந்த வகை. பேரிலேயே அழகில்லை என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதன் வழிவந்த விமானங்களைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். கீழ் இறக்கைதான் வேண்டுமென்றால் சிக் நிறுவனத்தின் ஃபோர் ஸ்டார் நல்ல மாதிரி. ஃபோமா பால்சா மரமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒட்டிச் சரிசெய்ய ஃபோம் சுலபம்.

நிறத்தில் மட்டும் பிடிவாதம் உண்டு. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறு வேறாக இருக்க வேண்டும், கீழே அகலமான கறுப்புப் பட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது. இந்த விமானம் தலைகீழாகவும் பறக்கும். எது மேல் என்று அரை வினாடி குழம்பினாலே போதும், தரை வந்துவிடும். நம் வயதில் இது சின்ன விஷயம் இல்லை. கண் பரிசோதனை செய்துகொண்டாயா?

முதல் நாளைக்கு ஐலரானுக்கும் எலிவேட்டருக்கும் ரிமோட்டில் 30 சதவீத எக்ஸ்போ வை, ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாக வேலை செய்யும்; மடல்கள் குறைவாக அசையும் குறைந்த ரேட்டில் தொடங்கு. விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் ஜைரோ இருந்தால் ட்ரெய்னரிலேயே அதை அணைத்துவிட்டுப் பத்து தடவை இறக்கிப் பழகு, அது செய்த வேலை எவ்வளவு என்று அப்போது தெரியும். புதியது மேலே போனதும் உயரத்தில் த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெதுவாக இழுத்து, வேண்டுமென்றே ஸ்டால் ஆக்கிப் பார். எந்த இறக்கை விழுகிறது, எவ்வளவு உயரம் இழக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள். அதைப் பார்க்காமல் இறங்க வராதே.

ட்ரெய்னரை விற்றுவிடாதே. புதியது பழுதில் கிடக்கும் நாளில் கை மறக்காமல் இருக்க அது வேண்டும். ஸ்பிட்ஃபயரையும் மறக்கச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து நாம் இரண்டு பேரும் சேர்ந்தே கட்டுவோம். முதல் பறப்புக்கு நீ ஸ்டிக்கைப் பிடி, பக்கத்தில் நின்று உயரத்தையும் வேகத்தையும் நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

மனத்தில் இரண்டு மூன்று விமானம் வைத்திருப்பாய். பறக்கும்போது பேட்டரியோடு சேர்த்து ஒவ்வொன்றும் எத்தனை கிராம், இறக்கையின் நீளம் அகலம் எவ்வளவு என்று எழுதி அனுப்பு. நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்