காய்ச்சல் பட்டியலில் இன்னொரு கட்டம் வேண்டும்

மத்திய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தாருக்கும் வணக்கம்.

சிறு நகரம் ஒன்றில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் நான். மழைக்காலத்தில் கர்ப்பிணியோ சர்க்கரை நோயாளியோ ஃப்ளூ காய்ச்சலோடு வந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஃப்ளூ வைரஸை அடக்கும் மருந்தான ஓசெல்டாமிவிர் எழுதிவிடுவேன். காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாளைக்கு 10 கேப்ஸ்யூல். முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். ஆனால் இந்த வருடம் பரவும் வைரஸ் அதற்குக் கட்டுப்படுகிறதா? சீட்டு எழுதும்போது எனக்குத் தெரியாது.

எச்1என்1 என்ற ஃப்ளூ வகைக்கு நீங்கள் மாநிலவாரியாக வெளியிடும் பட்டியலில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று இருக்கிறது. மருந்துக்கு அடங்காத வைரஸ் எத்தனை என்று இல்லை. அதைச் சேர்க்கக் கேட்டுத்தான் இந்த மடல்.

இது வீண் பயம் இல்லை. 2008 ஜனவரியில் நார்வேயில், சோதித்த பருவகால எச்1என்1 வைரஸ்களில் பெரும்பகுதி ஓசெல்டாமிவிருக்கு அடங்கவில்லை என்று தெரியவந்தது. இந்த மருந்து தாக்குவது வைரஸின் மேலுள்ள நியூராமினிடேஸ் என்ற புரதத்தை. அதன் 275-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டைரோசின் வந்திருந்தது. மரபணுவில் மாறியது ஒரே ஓர் எழுத்து. அடுத்த குளிர்காலத்துக்குள் பல நாடுகளில் அந்த வகை ஏறக்குறைய முழுவதுமே அப்படி ஆகிவிட்டது. 2009 பெருந்தொற்று வைரஸ் வந்து அந்தப் பழைய வகையை ஓரங்கட்டியது, புதியது மருந்துக்குக் கட்டுப்பட்டது. அதனால் தப்பித்தோம், அவ்வளவுதான். பழைய ஃப்ளூ மருந்தான அமான்டடினுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. வைரஸ் அதற்கு அடங்காமல் போனதால், 2006-இல் அமெரிக்கா அதை ஃப்ளூவுக்குக் கொடுக்க வேண்டாம் என்றது. இன்றுவரை அது திரும்பவில்லை.

கடைகளில் சீட்டில்லாமல் விற்பதைத் தடுத்தால் போதும் என்பார்கள். தடுக்கத்தான் வேண்டும். ஆனால் நார்வே இந்த மருந்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் நாடு. அங்கேயே இப்படி என்றால், கட்டுப்பாடு மட்டும் நம்மைக் காக்காது. தொடர்ந்து சோதித்ததால்தான் அவர்கள் கண்ணில் பட்டது. பட்டதும் எல்லா நாடுகளுக்கும் சொன்னார்கள்.

நம்மிடமும் திறமைக்குப் பஞ்சமில்லை. புனே தேசிய வைராலஜி நிறுவனம் இந்தச் சோதனையைச் செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. கட்டுரை அச்சாகும்போது அந்தப் பருவம் முடிந்திருக்கும், எங்கள் நோயாளிகளுக்கு உதவாது. பிசிஆரில் பாசிட்டிவ் வரும் மாதிரிகளில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். முக்கியமாக, 5 நாள் மருந்து முடிந்தும் வைரஸ் போகாத ஐசியூ நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். 275-ஆம் இடத்தை மட்டும் பார்க்க முழு மரபணு வரிசையும் தேவையில்லை, ஒரு பிசிஆர் போதும். முடிவை அதே பட்டியலில் வாராவாரம் போடுங்கள்.

எண்ணிக்கை 0 என்றால் 0 என்றே போடுங்கள். அதை நம்பி நான் ஓசெல்டாமிவிரைத் தயங்காமல் எழுதுவேன். ஏறத் தொடங்கினால், இப்படி மாறிய வைரஸையும் அடக்கும், மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தான ஜனாமிவிர் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பேன். மூச்சுத் திணறலோடு வருபவரால் அதை உள்ளிழுக்க முடியாது என்பதால் அவரை இன்னும் சீக்கிரம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைத் தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவர்