ஹாலிஃபாக்ஸில் இருக்கும் மகளுக்கு

கண்ணம்மா,

அமெரிக்கப் புரட்சியில் இங்கிலாந்து ராஜா பக்கம் நின்றவர்களை எல்லாம் ஜால்ராக் கூட்டம் என்று போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கனடாவில் நீ இப்போது இருக்கும் அதே ஊரில் 1779 ஜூனில் வந்து இறங்கிய ஜேக்கப் பெய்லி என்ற பாதிரியாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கேள்.

அவர் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. மாசசூசெட்ஸில் ரௌலி என்ற ஊரில் ஏழைக் குடும்பம். ஹார்வர்ட் கல்லூரியில், பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸும் அவரும் ஒரே வகுப்பு, 1755-இல் பட்டம். அந்தக் காலத்தில் அங்கே குடும்ப அந்தஸ்தைப் பார்த்துத்தான் மாணவர்களை வரிசைப்படுத்துவார்கள், இவருக்குக் கிடைத்தது கடைசி இடம். அவர் சேர்ந்த இங்கிலாந்துத் திருச்சபைக்கு அப்போது அமெரிக்காவில் பிஷப் கிடையாது என்பதால் குருப்பட்டம் வாங்க 1760-இல் லண்டன் வரை கப்பலில் போய் வந்தார். அப்புறம் இன்றைய மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றங்கரையில் ஊழியம்.

குருப்பட்டம் வாங்கும்போதே ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தாயிற்று. ஜெபப் புத்தகத்திலும் ராஜாவுக்கான ஜெபம் உண்டு. சுதந்திரப் பிரகடனத்துக்குப் பிறகு அதைச் சொல்வதே துரோகம் என்றாகிவிட்டது. அந்த ஒரு ஜெபத்தை விழுங்கிவிட்டு, பிரகடனத்தைக் கோயிலில் வாசித்திருந்தால் அவரைத் தொந்தரவு செய்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் அவர் இணங்கவில்லை. அவருடைய செம்மறியாடுகளைக் கொன்றார்கள், மாட்டைச் சுட்டார்கள், வீட்டில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம்.

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கியபோது இருந்த கோலத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார்: பிய்ந்த செருப்பு, நிறம் போன கோட்டு, மஞ்சள் காமாலை கண்டதுபோல ஒரு பொய்முடி, விளிம்பு நைந்து தொங்கிய தொப்பி. மனைவி கிழிந்த உடுப்பைக் கம்பளிக் கயிற்றால் இடுப்பில் கட்டியிருந்தாராம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ராஜாவை அண்டிப் பிழைத்தவன் இப்படியா வந்து நிற்பான், சொல்லு.

ராஜாவின் ஆட்சி நியாயம் என்று நான் சொல்லவே மாட்டேன், அன்று அங்கே இருந்திருந்தால் நான் எதிர்ப்பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனாலும் ஆண்டவன் முன்னால் கொடுத்த வாக்கை ஊரே மிரட்டியும் மாற்றாத மனுஷனை ஜால்ரா என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கூடப் படித்த ஆடம்ஸ் 1797-இல் ஜனாதிபதி ஆனார். பெய்லி 1782 முதல் அனாபொலிஸ் ராயலில் ஊழியம் செய்து 1808-இல் அங்கேயே இறந்தார். உனக்கு அது ஒரு இருநூறு கிலோமீட்டர்தான் இருக்கும். குளிர் விட்டதும் ஒரு சனிக்கிழமை போய்ப் பார், அங்கே அவரைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா