விடுபட்டவர்களையும் எண்ணுங்கள்

நலத்திட்டங்களுக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கும், அந்த விதிகளில் கையெழுத்திடும் அமைச்சர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் எந்த அரசில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான்.

எனக்கு 11 வயதானபோது அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரு சிறிய உதவித்தொகை கிடைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய் அதைப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது ஆண்டு போனபோது, கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் அம்மாவின் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "வாட்ச் கட்டுற அளவுக்கு வசதி இருக்கே, அப்புறம் எதுக்கு இது?" என்றார். வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. அது அப்பாவின் கடிகாரம். அம்மா எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த அலுவலகத்துப் பக்கமே போகவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் பதிவேட்டில் பயனாளிகள் எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கும். ஒரு குடும்பம் வறுமையிலிருந்து மீண்டுவிட்டது என்றுகூட யாராவது நினைத்திருக்கலாம். நாங்கள் மீளவில்லை. வாடகைக்கு அம்மா கடன் வாங்கினார். அந்தக் கடனை நான் வேலைக்குப் போய்த்தான் அடைத்தேன்.

இப்போது விடுமுறை நாட்களில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். பல ஆண்டுகளாக இதைச் செய்துவருவதால், ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தாலே அதைத் தயாரித்த அதிகாரியின் பயம் எது என்று சொல்லிவிட முடியும். எல்லா விண்ணப்பத்திலும் பயம் ஒன்றுதான்: தகுதியில்லாத யாராவது வாங்கிவிடுவாரோ என்பது. வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று, உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்று எல்லாமே அந்தப் பயத்திலிருந்து வந்தவை. அது நியாயமான பயம்தான்; பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் தகுதியுள்ளவர் வெறுங்கையோடு திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயத்தில் எழுதப்பட்ட ஒரு கேள்வியைக்கூட நான் இதுவரை எந்த விண்ணப்பத்திலும் பார்த்ததில்லை.

பிழை இரண்டு வகை. கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் விடுவது இன்னொன்று. முதல் பிழையைத் தேட உங்களிடம் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், கணினி இருக்கிறது, பத்திரிகைச் செய்தியும் வருகிறது. இரண்டாவது பிழையைத் தேடுவது பெரும்பாலும் யாருடைய வேலையும் இல்லை.

எண்ணிப் பார்க்கும் அரசுகளும் சில இருக்கின்றன. பிரான்ஸில், தகுதி இருந்தும் உதவி பெறாதவர்களைப் பற்றி ஆராய்வதற்கென்றே 2003-இல் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். அங்கே அடிப்படை வருமான உதவிக்குத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பெறுவதில்லை என்று அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்கிட்டுச் சொன்னது. பிரிட்டனில் ஏழை முதியவர்களுக்கான கூடுதல் ஓய்வூதிய உதவியிலும் இதே நிலைதான். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதை வாங்குவதில்லை. இரண்டும் வளர்ந்த நாடுகள், அலுவலகங்களும் பணமும் உள்ள நாடுகள். அங்கேயே இப்படி.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பிரிட்டனிலேயே உதாரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க முதியவர்களுக்குத் தரப்பட்ட தொகையை, வசதியானவர்களுக்கு எதற்கு என்று கேட்டு 2024-இல் சுருக்கினார்கள். கேள்வி சரிதான். ஆனால் ஏழை யார் என்று அடையாளம் காண, மூன்றில் ஒருவர் வாங்காமல் விடும் அந்தக் கூடுதல் உதவியைத்தான் முக்கிய அளவுகோலாக வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பெற்றுவந்தது சுமார் 15 லட்சம் பேருக்குச் சுருங்கியது. வெளியே தள்ளப்பட்டவர்களில் உண்மையிலேயே பணம் தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். எதிர்ப்பு வலுத்து, 2025-இல் அரசு பின்வாங்கி வரம்பை உயர்த்தியது. அதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது.

தகுதி இருந்தும் ஏன் வாங்காமல் விடுகிறார்கள்? திட்டம் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க முடியாதவர்கள் உண்டு. இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாவது முறை வராதவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நான் அதிகம் பார்த்தது கூச்சத்தைத்தான். என் எதிரே உட்கார்ந்து, "எனக்கில்லை, தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்கிறேன்" என்று தொடங்குகிறவர்கள் நிறைய. அப்படிக் கேட்டவர்களிடம் நான் மேற்கொண்டு எதுவும் துருவுவதில்லை.

இந்தக் கூச்சம் தானாக வந்ததில்லை, திட்டமிட்டே வளர்த்தார்கள். இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம், உதவி கேட்டு வருபவரின் நிலைமை மிகக் குறைந்த கூலி வாங்கும் தொழிலாளியின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. உதவி வேண்டுமென்றால், ஏழைகளை உள்ளே தங்கவைத்து வேலை வாங்கும் 'வேலை இல்லத்துக்குள்' போக வேண்டும். அங்கே கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். தேவை தீராமலே ஆள் குறைந்தால் அதுவே வெற்றி என்று கணக்கிட்டார்கள். பிறகு 1908-இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் 70 வயதான ஏழைகள் அஞ்சலகத்துக்குப் போய்ப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றானது. வருமான வரம்பும் இருந்தது, நடத்தை பற்றிய நிபந்தனைகளும் இருந்தன. ஆனாலும் அரசு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். அத்தனை முதியவர்களும் அதுவரை எங்கே இருந்தார்கள்? அவரவர் வீட்டில்தான், வேலை இல்லத்தின் பெயருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். அஞ்சலகத்தில் வாங்குவது அவர்களுக்கு இழிவாகத் தெரியவில்லை. வாசலை மாற்றியதும் வந்துவிட்டார்கள்.

இப்போது வேலை இல்லங்கள் இல்லை. அந்தச் சந்தேகம் மட்டும் கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில், உதவித்தொகையை அதிகமாக வாங்கியவர்களைக் கணினியே கண்டுபிடித்துத் திரும்ப வசூலிக்க 'ரோபோடெட்' என்று பெயர் வாங்கிய ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரங்களுக்கு இவ்வளவு என்று கணினி சமமாகப் பிரித்துப் போடும். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு, ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி வாங்கியவரை அது ஆண்டு முழுவதும் சம்பாதித்தவராகக் காட்டும். அப்புறம் கடன் நோட்டீஸ் போகும். கடன் இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு; பல வருடங்களுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேட வேண்டும். லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படி இல்லாத கடன் சுமத்தப்பட்டது. 2023 ஜூலையில் வெளியான அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை, அது நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று சொன்னது.

நெதர்லாந்தில் நடந்ததும் லேசான விஷயமில்லை. குழந்தைகள் பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோர் ஆயிரக்கணக்கானோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை முத்திரை குத்தியது. ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காகக்கூட, வாங்கிய மொத்தத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் மீது சந்தேகம் கூடுதலாக விழுந்தது. வீட்டை இழந்தவர்கள், குடும்பம் உடைந்து போனவர்கள் பலர். 2021 ஜனவரியில் அந்த அமைச்சரவையே பதவி விலகியது. மோசடியைப் பிடிப்பது ஒன்றே குறி என்று ஓடியதன் முடிவு அது. விதியை எழுதியவர்களில் யாரும் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிழையை மட்டும் எண்ணுகிற அலுவலகத்தில் நல்லவர்களும் இப்படித்தான் வேலை செய்வார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அரசிடம் வாங்குகிறவர்கள் யார்? "உழைக்கிறவர்கள் வரி கட்டுகிறோம், அவர்கள் உட்கார்ந்து வாங்குகிறார்கள்" என்று இரண்டு கூட்டம் இருப்பதுபோலப் பேசுகிறார்கள். வறுமையை ஆராய்ந்த சீபோம் ரவுண்ட்ரி 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் 11,560 குடும்பங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். உழைக்கும் மனிதரின் வாழ்க்கையில் மூன்று பருவங்களில் வறுமை வந்து போவதை அவர் கண்டார். குழந்தையாக இருக்கும்போது, தனக்குக் குழந்தைகள் பிறந்து அவர்கள் சம்பாதிக்காத வரையில், முதுமையில். அதே ஆள்தான், ஒரு பருவத்தில் நன்றாக இருக்கிறார், இன்னொன்றில் தடுமாறுகிறார். இன்று வரி கட்டுகிறவரும் நாளைக்குக் கைநீட்டுகிறவரும் பல நேரம் ஒருவரே. என் அம்மாவும் பிற்பாடு சம்பாதித்தார், வரியும் கட்டினார்.

வசதியானவர்களும் அரசிடம் வாங்காமலில்லை. 1955-இல் பிரிட்டனின் சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் ஓர் உரையில் இதைப் பிரித்துக் காட்டினார். நேரடியாகக் கொடுக்கும் உதவி ஒரு வகை. வரிச்சலுகையாகக் கொடுப்பது இன்னொரு வகை. வேலை வழியாகக் கிடைக்கும் ஓய்வூதியம், சலுகைகள் மூன்றாவது. முதல் வகையைத்தான் நாம் நலத்திட்டம் என்கிறோம், கண்ணில் படுவதும் அதுதான். வீட்டுக்கடன் வட்டிக்கு வரி விலக்கு தரும் நாட்டில், அதைப் பெறுகிறவர் எந்த வரிசையிலும் நிற்பதில்லை. அவர் கையில் என்ன கடிகாரம் கட்டியிருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. பெரிய கடனுக்குப் பெரிய வட்டி, ஆகவே பெரிய சலுகை. வர்க்கம் என்பது வருமானத்தில் மட்டும் இல்லை. அரசு ஒருவரை எந்த வாசலில், எந்தக் குரலில் வரவேற்கிறது என்பதிலும் இருக்கிறது. எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு அதிகம் பேசத் தேவையில்லை. ஆறு வளரும் நாடுகளில் ஏழு அரசுப் பண உதவித் திட்டங்களின் சோதனை முடிவுகளைப் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள், 2017-இல் வெளியிட்டார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு முறையான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

பணம் வரம்புக்குட்பட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எல்லாருக்கும் எல்லாம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஏழைகளுக்கு மட்டும் என்று குறுக்கக் குறுக்க அந்தத் திட்டத்துக்குப் பாதுகாவலர்களும் குறைந்துபோவார்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் வால்டர் கோர்ப்பி, யோவாகிம் பால்மே இருவரும் 1998-இல் இதைத்தான் சொன்னார்கள்: ஏழைகளை மட்டும் குறிவைத்த நாடுகளைவிட, பலருக்கும் பொதுவாகத் தந்த நாடுகள் ஏற்றத்தாழ்வை அதிகம் குறைத்தன. பிறகு வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் ஒன்று எனக்கு நிச்சயம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் போடும் பள்ளியில், இலவசப் பிள்ளை யார் என்று யாருக்கும் தெரியாது. பின்லாந்து 1948-இலிருந்து எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு தருகிறது. வசதியானவர் வீட்டுப் பிள்ளை சாப்பிட்டதற்கான செலவை அவர் கட்டும் வரியில் வாங்கிக்கொள்ளலாமே. அந்தப் பிள்ளைக்குத் தனி வரிசை போட வேண்டாம்.

வருமான வரம்பு வைத்தே தீர வேண்டும் என்றால், வருமானம் ஏற ஏற உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி அதைச் சரிவாக வையுங்கள். வரம்பைக் கொஞ்சம் தாண்டியதும் மொத்தமும் போய்விடும் என்றால், கூடுதல் வேலை கிடைத்தவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். கூடுதல் ஷிஃப்ட் வேண்டாம் என்று ஒரு பெண் மறுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் சோம்பேறி இல்லை. உங்கள் விதியை உங்களைவிட நன்றாகப் படித்தவர்.

அப்புறம், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை எங்களிடம் திரும்பக் கேட்காதீர்கள். ஒருவர் இறந்ததை அரசு பதிவு செய்கிறது. அவர் மனைவிக்கு உதவி உண்டு என்று அதே அரசே கடிதம் எழுதலாம். வரி வாங்க எங்கள் முகவரியைக் கண்டுபிடிக்கிற உங்களுக்கு இது முடியாத காரியம் இல்லை. ஓர் உதவியை நிறுத்துவதற்கு முன் ஒரு மனிதர் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கட்டும். விளக்கம் கேட்ட பிறகு நிறுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன், இதை மட்டுமாவது செய்யுங்கள். தகுதியில்லாமல் பெற்றவர்கள் இத்தனை பேர், மீட்கப்பட்ட தொகை இவ்வளவு என்று ஆண்டறிக்கையில் அச்சிடுகிறீர்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தகுதி இருந்தும் பெறாதவர்கள் இத்தனை பேர் என்று இன்னொரு வரி வேண்டும். முதல் ஆண்டு அந்த எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை. மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துங்கள், வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். பதிவேட்டில் ஒரு பெயர் காணாமல் போனால், அவர் மீண்டுவிட்டாரா, இல்லை மனம் வெறுத்துத் திரும்பிப் போய்விட்டாரா என்று யாரையாவது அனுப்பி விசாரியுங்கள். என் அம்மா வீட்டுக் கதவை அந்த இரண்டு ஆண்டுகளில் யாராவது தட்டியிருந்தால், அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒருத்தி