மருமகளுக்கு: பீரோவில் இருக்கும் கேமராவைப் பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். போட்டோ எடுக்கப் பழக பிலிம் கேமராவா, டிஜிட்டலா என்று போனில் நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: டிஜிட்டல் வாங்கு, அதையும் செகண்ட் ஹேண்டில் வாங்கு. அப்படிச் சொன்னால், "பிலிம்ல எடுத்தாத்தான் உருப்படியா கத்துக்க முடியும்னு எல்லாரும் சொல்லுதாங்களே மாமா" என்று மறுபடி ஆரம்பிப்பாய். உன் காலேஜ் கூட்டாளிகளும் இதையே கேட்கிறார்களாம். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பிலிம் பொறுமையைக் கற்றுத் தரும் என்கிற பேச்சை நான் நம்புவதில்லை. கல்யாண வீடுகளில் ரோல் ரோலாகத் தள்ளிய ஆட்களோடு வேலை பார்த்தவன் நான். அவசரக்காரன் கையில் ஒரு ரோலின் 36 படமும் தாலி கட்டுவதற்குள் தீர்ந்துவிடும். அந்தக் காலத்தில் தொழிலை ஒழுங்காகக் கற்றவர்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார்கள். என்ன அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு எவ்வளவு), என்ன ஷட்டர் ஸ்பீடு (எவ்வளவு நேரம் வெளிச்சம் விட்டது), வெயில் எந்தப் பக்கம் என்று படத்துக்குப் படம் குறித்துவைத்து, பிரிண்ட் வந்ததும் வரிசையாகப் பரப்பி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இன்றைக்கு அந்த நோட்டு வேலையில் பாதியை டிஜிட்டல் கேமராவே ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைத்துவிடுகிறது. வெயில் எந்தப் பக்கம் என்பதை மட்டும் நீ பார்த்துக்கொள்.

பிலிமில் என்ன நடக்கும்? ரோலை முடித்து, வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பி, அவர்கள் கழுவி ஸ்கேன் பண்ணி அனுப்புவதற்குள், எந்தப் படத்தை எப்படி எடுத்தோம் என்பதே உனக்கு மறந்திருக்கும். ஒரு கலர் ரோல் 1000 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதே அபூர்வம். கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்துப் பார், ஒரு கிளிக்குக்கு 40 ரூபாய்க்கு மேல் வரும். ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே, 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் போட்டது. அதையும் மூடியாகிவிட்டது.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போக வேண்டும் என்றாயே, அதையே எடுத்துக்கொள். அங்கே பறவைகள் குளத்தில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டும். கருவேல மரத்தின் இருட்டுப் பச்சைக்கு முன்னால் வெள்ளைக் கரண்டிவாயன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று வை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குப் பறவையும் தெரியாது, மரமும் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாகச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மரம் இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டும். பறவை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப்போய் ஓர் இறகுகூடத் தெரியாது. அங்கே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தை, மைனஸ் ஒன்று வைக்க வேண்டும். அதே பறவை வெளிறிய வானத்தில் பறந்தால் நேர் எதிர்: பறவை கறுத்துப்போகும், பிளஸ் ஒன்று வைக்க வேண்டும். டிஜிட்டலில் இதை மரத்தடியில் நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொள்ளலாம். திரையில் படம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று மட்டும் நம்பாதே, வெயிலில் திரை பொய் சொல்லும். ஹிஸ்டோகிராமைப் பார், இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம் அது. மேடு வலது ஓரத்தில் போய் முட்டினால் வெள்ளை போயிற்று என்று அர்த்தம்.

பிலிம் நெகட்டிவில் கணக்கே வேறு. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் அது தாங்கிக்கொள்ளும், குறைந்தால்தான் நிழலெல்லாம் கலங்கிப்போகும். டிஜிட்டலில் நிழலை ஓரளவு மீட்டுவிடலாம், வெளுத்த வெள்ளையை மீட்கவே முடியாது. ஒன்றில் பழகிய கை இன்னொன்றுக்குப் போகும்போது இதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மற்றபடி அப்பர்ச்சர், ஷட்டர், போகஸ் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொன்று, ஐஎஸ்ஓ. எண் கூடக் கூட, குறைந்த வெளிச்சத்திலும் படம் எடுக்கலாம். எங்கள் காலத்தில் ஏஎஸ்ஏ என்போம். காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் பளீர் வெயில். அங்கிருந்து பத்தமடைக்குப் போய் ஒரு வீட்டுக்குள் கோரைப்பாய் நெய்கிற அம்மாவை எடுக்க வேண்டும், ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம்தான். கேமராவுக்குள் ஐஎஸ்ஓ 200 ரோல் ஒன்று கிடந்தால் அந்த வீட்டில் கை ஆடாமல் எடுப்பது பெரும்பாடு. டிஜிட்டலில் 1600-க்குத் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை கழுவலாமே என்று அடுத்துக் கேட்பாய். தாராளமாகக் கழுவலாம், பிற்பாடு. ஆனால் பிலிம் கழுவும் மருந்தான டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்லும் சூடு 20 டிகிரி. சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கையை வைத்துப் பார். ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் போட்டுப் பக்கெட்டில் மிதக்க விட்டுத்தான் நாங்கள் கழுவினோம்.

பிலிமுக்காக நான் பரிந்து பேசுகிற இடமும் ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் கடையில் இடுப்பளவு தண்ணீர். ஹார்டு டிஸ்க் எல்லாம் போச்சு. ஆல்பங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. பழைய நெகட்டிவ்களை மட்டும் காய விடாமல் நல்ல தண்ணீரில் போட்டு, சேறு போக அலசி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். காய்ந்து சுருண்டிருந்தால் அவையும் ஒட்டிப் பாழாகியிருக்கும். நிறையத் தப்பிவிட்டன. ஆகவே டிஜிட்டலில் எடுப்பதை இரண்டு இடத்தில் வைத்துக்கொள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

இப்போது பீரோவில் இருக்கும் அத்தானின் பிலிம் கேமராவுக்கு வருகிறேன். அது நிக்கான் எஃப்எம்10. விற்றுவிடாதே. ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். முதலில் அந்தத் தோல் உறையைக் கழற்றி எறி, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பழைய பேட்டரி உள்ளேயே கசிந்திருக்கிறதா பார். பின்மூடியைத் திறந்தால் ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ரோலில் வெளிச்சம் புகுந்துவிடும். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து பார். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. சுத்தமாக இருந்தால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வை.

அந்த லென்ஸை உத்தேசித்துத்தான் உனக்கு நிக்கானிலேயே பழைய டிஜிட்டல் கேமரா டி7000 சொல்கிறேன். 2010-இல் வந்தது, 16 மெகாபிக்சல். உனக்கு ஏகப்பட்டது. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் அத்தானின் லென்ஸ் மாட்டும், ஆனால் மீட்டர் வேலை செய்யாது. டி7000-இல் மெனுவில் லென்ஸ் விவரத்தைப் போட்டுவிட்டால் மீட்டர் ஓடும். போகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். ஒருநாள் பூராவும் அதை வைத்தே எடுத்துப் பார், பிலிம் பிலிம் என்கிறாயே, அந்த ஆசையில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும். மீதி இருந்தால் ஆனித் தேருக்கு ஒரு ரோல் நான் வாங்கித் தருகிறேன். அதை பிரிட்ஜில் வை, எடுத்ததும் மாட்டாதே, இரண்டு மணி நேரமாவது வெளியில் கிடக்கட்டும், இல்லையென்றால் வேர்த்துவிடும். பைக் சீட்டுக்கு அடியில் மட்டும் வைத்துவிடாதே.

கேமரா பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதே, என்னைக் கூப்பிடு. ஷட்டர் எத்தனை ஓடியிருக்கிறது என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. அக்காவிடம் விலையை நான் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
மாமா